ஐஸுக்குப் போர்த்திய போர்வை

சான் ரோகே
22 ஜூன் 2003

அன்புள்ள ஆடிங், என் தங்கை நைடாவுக்கு,

மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் முன்னாலேயே என் முழங்கால் அதைச் சொல்லிவிட்டது. மற்றபடி நான் நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? மலைக்காற்று உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளி திறந்த இரண்டாம் வாரமே மேற்பார்வையாளர் திரு. தும்லாவ் எங்கள் ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தார். போன பிப்ரவரியில் உன் பள்ளிக்கு ஏறி வந்தாராமே, நீ எனக்கு எழுதவே இல்லை. கால் மணி நேரம் உன் வகுப்பைப் பற்றியே பேசினார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரோடு ஒருவர் வாதாடினார்களாம். டீச்சர் வாயே திறக்கவில்லையாம். "அறிவுக் கட்டமைப்புக் கோட்பாடுன்னு சொல்றோமே, அது இதுதான். மிஸ் போலிங், உங்க தங்கச்சிதானே?" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கைதட்டினேன்.

அந்தக் கோட்பாட்டின் பயிற்சிக்கு லாவாக் போய்ப் பத்து நாள் உட்கார்ந்தவள் நான். பிள்ளையின் தலை காலிப் பானை அல்ல; அதற்குள் அது ஏற்கெனவே ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறது; புதிதாக ஒன்றைப் பார்க்கும்போது அந்த வீட்டை அதுவே இடித்து அதுவே திரும்பக் கட்ட வேண்டும். எட்டுப் பக்கம் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு நம் மாவட்டத்துக்கு ஒரே ஒரு மாஸ்டர் டீச்சர் பதவி வந்திருக்கிறது. மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. அக்டோபரில் எல்லோர் முன்னாலும் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். நான் விண்ணப்பிப்பது இது மூன்றாவது முறை. உனக்கும் தும்லாவ் படிவம் கொடுத்தாரா?

வெந்நீர் குடி, அக்கா சொல்கிறேன்.
உன் மனாங், போலிங்


பங்காலன் மலை
9 ஜூலை 2003

அன்புள்ள மனாங்,

இருமல் போய்விட்டது. கூரைதான் ஒழுகுகிறது. மூன்றாம் வகுப்பு ஒரு மூலை, நான்காம் வகுப்பு ஒரு மூலை, ஐந்தாம் வகுப்பு வாளிக்குப் பக்கத்தில். மூன்றும் சேர்ந்து இருபத்தேழு பேர். உங்கள் முழங்காலுக்கு இஞ்சி அனுப்புகிறேன், மனோங் இஸ்கோ ஓட்டிவரும் வியாழக்கிழமை ஜீப்பில். வாடாமல் வந்ததா என்று எழுதுங்கள்.

திரு. தும்லாவ் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன். அவர் வந்த அன்று எனக்குத் தொண்டை கட்டி, பேச்சே எழவில்லை. "நீங்களே பேசிக்குங்க" என்று பலகையில் எழுதிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் ஒரு எருமையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பின்னால் நின்று ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

உங்கள் வகுப்பறையில் இரண்டு மின்விசிறி போட்டுவிட்டார்கள் என்று இஸ்கோ சொன்னார். நான்கு பக்கமும் சுவர், ஒரே ஒரு வகுப்பு. அங்கே ஒரு நாள் பாடம் நடத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அன்புடன்,
நைடா


சான் ரோகே
20 ஜூலை 2003

அன்புள்ள ஆடிங்,

இஞ்சி வாடாமல் வந்தது. தினமும் கொதிக்க வைத்துக் குடிக்கிறேன். நீ நலம் என்று நினைக்கிறேன்.

தொண்டை கட்டிய கதையை ஆசிரியர் அறையில் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரு. தும்லாவும் அன்று அங்கே இருந்தார். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் ஒன்று சொல்கிறேன்: தொண்டை வலி ஒரு கற்பித்தல் முறை ஆகாது, நைடா. பேசாமல் இருப்பதற்கும் எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிவதற்கும் வித்தியாசம் உண்டு.

மாதிரி வகுப்புக்கு இன்னும் பாடம் முடிவாகவில்லை. மற்ற ஏற்பாடெல்லாம் வழக்கம்போலத்தான். பார்வையாளர் வரும் நாளில் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும்; பதில் தெரிந்தவர் வலதுகை, தெரியாதவர் இடதுகை. நாம் படித்த காலத்திலிருந்து இது மாறவே இல்லை. நீ ஆறு ஆண்டும் இடதுகையைத்தான் தூக்கினாய் என்று உன் டீச்சர் என்னிடம் சொல்லிச் சிரிப்பார், ஞாபகம் இருக்கிறதா?

படிவத்தைப் பற்றி நீ பதில் எழுதவில்லை.

உன் மனாங், போலிங்


பங்காலன் மலை
14 ஆகஸ்ட் 2003

அன்புள்ள மனாங்,

நான் நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஞாபகம் இருக்கிறது.

போன வாரம் என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மீன்காரர் ஏறி வந்திருந்தார். உமிக்குள் வைத்திருந்த ஐஸில் இரண்டு துண்டு கேட்டு வாங்கினேன், இரண்டும் ஒரே அளவு. ஒன்றைத் தட்டில் வைத்தேன். இன்னொன்றை அம்மாவின் இனாபெல் கைத்தறிப் போர்வையில் சுற்றினேன். எது முதலில் உருகும் என்று மட்டும் கேட்டேன். போர்வைக்குள் இருப்பதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். "போர்வை சூடு மேம், ராத்திரி நாங்க போத்திக்கிறோமே" என்றார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து விரித்தேன். தட்டில் வெறும் தண்ணீர். போர்வைக்குள் துண்டு அப்படியே இருந்தது. யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வெகுநேரம் கழித்து ஃபெலிசா என்ற பெண், சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "போர்வை அடுப்பு இல்ல மேம். அது கதவு. சாத்தியிருக்கு. உள்ள இருக்கிறது வெளிய போகாது, வெளிய இருக்கிறது உள்ள வராது" என்றாள்.

அன்று எனக்குத் தொண்டை நன்றாகத்தான் இருந்தது, மனாங்.

அன்புடன்,
நைடா


சான் ரோகே
30 ஆகஸ்ட் 2003

அன்புள்ள ஆடிங்,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் அப்படியேதான்.

உன் ஐஸ் பாடம் சுவாரசியமாக இருந்தது. சில விவரங்கள் தெரிந்தால் நல்லது, சும்மா எனக்காகத்தான். துண்டு எவ்வளவு பெரியது? போர்வையை எத்தனை சுற்று சுற்றினாய்? சரியாக ஒரு மணி நேரம்தானா? அந்தப் பெண் அப்படிச் சொல்வதற்கு முன்னால் நீ ஏதாவது கோடி காட்டினாயா?

அம்மாவின் போர்வை உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது. அத்தை வீட்டில் தொலைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

படிவம் அனுப்பிவிட்டாயா?

போலிங்


பங்காலன் மலை
12 செப்டம்பர் 2003

அன்புள்ள மனாங்,

மலைச்சரிவில் மண் இறங்கி இரண்டு வாரம் ஜீப் வரவில்லை. நாங்கள் எல்லோரும் நலம், அரிசியும் இருக்கிறது. உங்கள் முழங்காலுக்காக ஞாயிற்றுக்கிழமை மெழுகுவத்தி ஏற்றினேன்.

துண்டு ஒரு ரொட்டி அளவு இருக்கும். சுற்று எண்ணவில்லை. ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. கோடி காட்டவில்லை. இதையெல்லாம் ஏன் கேட்கிறீர்கள்?

போர்வையை அம்மாதான் என் பையில் வைத்தாள். "மேல குளிரும்" என்று மட்டும் சொன்னாள். உங்களிடம் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன்.

படிவம் அலமாரியில் இருக்கிறது.

நைடா


சான் ரோகே
12 அக்டோபர் 2003

அன்புள்ள ஆடிங்,

கடவுள் கிருபையால் எல்லோரும் சுகம். மாதிரி வகுப்பு மூன்றாம் தேதி முடிந்தது. பார்வையாளர்கள் பத்துப் பேர். கடைசி வரிசையில் உட்கார்ந்து பன்சித் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே மதிப்பெண் போட்டார்கள். எனக்கு முதலிடம். திரு. தும்லாவ் எழுந்து நின்று பேசினார். ஜனவரியிலிருந்து மாஸ்டர் டீச்சர் பதவி எனக்குத்தான், கடிதம் வந்துவிட்டது. அம்மா இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

அறிவியல் பாடம்தான். வெப்பம் பற்றி. முடிந்த பிறகு ஒரு பெண் ஏதோ கேட்டாள், கூட்ட இரைச்சலில் சரியாகக் காதில் விழவில்லை.

இத்துடன் உனக்கு ஒரு புதுப் போர்வை அனுப்புகிறேன். லாவாக்கில் நல்ல கடையில் வாங்கியது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மனாங், போலிங்


பங்காலன் மலை
6 நவம்பர் 2003

அன்புள்ள மனாங்,

நான் நலம். வாழ்த்துகள். போர்வை வந்தது. நல்ல கதகதப்பு.

அரையாண்டு விடுமுறையில் மலை ஆசிரியர்களுக்கெல்லாம் பயிற்சி வைத்தார்கள். நீங்கள்தான் நடத்துவதாக இருந்ததாம். முழங்கால் வலி என்று மிஸஸ் புமாங்லாக்கை அனுப்பினீர்களாம். நன்றாக நடத்தினார். மதியம் கோழிக்குழம்பு போட்டார்கள். பாடம் எழுதித் தொங்கவிட்ட மணிலா பேப்பரில் இருந்தது உங்கள் கையெழுத்து என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உங்கள் எழுத்துக்கு வால் நீளம்.

"போர்வை அடுப்பு இல்லை, கதவு" என்ற வரியைச் சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நைடா


சான் ரோகே
20 டிசம்பர் 2003

அன்புள்ள ஆடிங்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உடம்பு எப்படி இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு இறங்கி வருவாயா? பிபிங்கா அரிசி கேக் சுடலாம் என்று இருக்கிறேன். ஆறு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மனோங் இஸ்கோவிடம் கேட்டேன். "டீச்சர் நல்லாத்தான் இருக்காங்க, கடுதாசி எதுவும் கொடுக்கல" என்றார்.

போலிங்


சான் ரோகே
25 ஜனவரி 2004

அன்புள்ள நைடாவுக்கு,

நீ வரவில்லை. பிபிங்காவை நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்தக் கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு முகம் இல்லை.

உன் பாடத்தை எடுத்துக்கொண்டேன். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. அது உனக்குத் தெரியும். தெரியாத மீதியைச் சொல்கிறேன்.

செப்டம்பரில் என் வகுப்பில் அதை ஒரு முறை நடத்திப் பார்த்தேன், ஒருவருக்கும் எதுவும் சொல்லித்தராமல். ஐந்தாம் வகுப்பு, நாற்பத்தெட்டுப் பேர். கடையில் ஐஸ் வாங்கி, நீ சொன்ன அளவில் உடைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போர்வைக்குள் இருந்த துண்டு அப்படியே இருந்தது. நீ எழுதிய அந்த மௌனத்துக்காகக் காத்திருந்தேன். "மேம், போர்வை ஃபேனுக்குக் கீழ இருந்துச்சு, அதான் சில்லுனு ஆயிடுச்சு" என்றான் ஒருவன். "உள்ள வச்சது பெரிய துண்டு மேம், ஏமாத்துறீங்க" என்றான் இன்னொருவன். மறுநாளும் செய்தேன். அதற்கும் மறுநாளும். ஒரு பிள்ளைகூடத் தன் தலைக்குள் கட்டிய வீட்டிலிருந்து ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தவில்லை.

அன்று எனக்கு வந்த எரிச்சல் பிள்ளைகள் மேல் இல்லை, நைடா. உன் மேல். எட்டுப் பக்கம் குறிப்பு வைத்திருப்பவள் நான். மின்விசிறியும் சுவரும் என்னிடம். அந்த ஒழுகும் கூரைக்கு அடியில், செருப்பில்லாத ஒரு பெண், பொத்தானைத் திருகிக்கொண்டே உனக்கு அப்படியொரு வாக்கியத்தைக் கொடுக்கிறாள். போர்வையையும் அம்மா உனக்குத்தான் கொடுத்தாள். உனக்கு எல்லாம் தானாக வருகிறது, எனக்கு எதுவுமே கேட்டால்கூட வருவதில்லை என்று தோன்றியது. நாற்பத்தேழு வயதில் இப்படித் தோன்றுவது வெட்கம்தான். ஆனாலும் தோன்றியது.

அதனால் எழுதிக் கொடுத்தேன். எல்லாவற்றையும். யார் தப்பாகச் சொல்ல வேண்டும், அதை யார் மறுக்க வேண்டும், யார் பேசாமல் யோசிப்பதுபோல் உட்கார வேண்டும். கதவு வரியைக் கொரினா என்ற பெண்ணுக்குக் கொடுத்தேன், நன்றாக மனப்பாடம் செய்வாள் என்பதால். பொத்தானைத் திருகவும் சொல்லிக்கொடுத்தேன். எட்டு நாள் ஒத்திகை. தானாகக் கண்டுபிடிப்பதை எட்டு நாள் பழக்கினேன்.

முடிந்ததும் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். கொரினா மட்டும் இருக்கையில் உட்கார்ந்து இடதுகையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். "மேம், நான் இப்ப எதை நம்பணும்? நீங்க சொல்லச் சொன்னதையா, எனக்குத் தோணுறதையா?" என்று கேட்டாள். காதில் விழவில்லை என்று உனக்கு எழுதினேன். விழுந்தது.

"கைய இறக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

திரு. தும்லாவுக்கு ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பாடம் என் தங்கையுடையது, பிள்ளைகள் பேசியது நான் எழுதிக் கொடுத்தது என்று அதில் இருக்கிறது. பதவி உனக்கு வரலாம். உறையை ஒட்டவில்லை. நீ படித்துவிட்டு இஸ்கோவிடம் கொடுத்தால் அவர் தபாலில் சேர்த்துவிடுவார். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம்.

போலிங்


பங்காலன் மலை
12 பிப்ரவரி 2004

அன்புள்ள மனாங்,

உங்கள் கடிதத்தை வியாழக்கிழமை வாங்கினேன். ஞாயிறுவரை பிரிக்கவில்லை. பிரித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி நலம்.

திரு. தும்லாவுக்கான கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதை அனுப்ப என்னால் முடியாது. அதில் ஒரு பொய் இருக்கிறது. பொய் உங்களுடையது அல்ல.

அந்தப் பாடம் நான் எழுதியதுபோல் நடக்கவே இல்லை.

மீன்காரர் வந்தது உண்மை. இரண்டு துண்டு ஐஸ், அம்மாவின் போர்வை, கேட்ட கேள்வி, எல்லாம் உண்மை. மூன்றாம் வகுப்பின் மூலையில் தண்ணீர் பெருகிவிட்டது என்று வாளி வைக்கப் போனேன். திரும்பி வந்தால் தட்டில் இருந்த துண்டை ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மலையில் ஐஸ் எத்தனை தடவை வரும், நீங்களே சொல்லுங்கள். போர்வைக்குள் இருந்ததையும் பெரியவன் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். ஒப்பிட எதுவும் மிச்சமில்லை. "போர்வை வெப்பத்தைத் தடுக்கும்" என்று பலகையில் எழுதினேன். எல்லோரும் பார்த்து எழுதினார்கள். உங்களையும் என்னையும் நம் டீச்சர்கள் எழுத வைத்ததுபோலத்தான்.

ஃபெலிசா இருக்கிறாள். பொத்தானும் திருகுவாள். அவள் அன்று கேட்டது, "இன்னொரு துண்டு இருக்கா மேம்?" என்பதுதான். கதவு என்பது சாயங்காலம் அந்த ஈரப் போர்வையைக் கொடியில் போட்டபோது எனக்குத் தோன்றியது. நாற்பத்தொரு வயதுக்காரிக்குத் தோன்றியதை ஒன்பது வயதுக்காரியின் வாயில் வைத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். தொண்டை வலி ஒரு கற்பித்தல் முறை ஆகாது என்று எழுதினீர்களே, அதற்காக. ஆறு ஆண்டு இடதுகை என்று எழுதினீர்களே, அதற்காக. உங்களுக்கு வயிறு எரிய வேண்டும் என்றே எழுதினேன். நன்றாக எழுதியிருக்கிறேன் போல.

படிவத்தையும் நிரப்பினேன். "நீங்கள் நடத்திய சிறந்த பாடம் ஒன்றை விவரிக்கவும்" என்ற இடத்தில் இதையே எழுதினேன். கடைசியில் ஒப்பம் போட வரவில்லை. உங்களுக்கு எழுதும்போது கூசாத கை அரசாங்கத் தாளில் கூசிவிட்டது. அதனால்தான் அது அலமாரியிலேயே கிடந்தது.

பயிற்சியில் சிவப்பு மையில் அந்த வரியைப் பார்த்தபோது முதலில் கோபம் வந்தது. பிறகு பயம். இந்த மலையில் பதினான்கு பள்ளிகளில் டீச்சர்கள் போர்வையைச் சுற்றிவிட்டு, நடக்காத ஒன்று நடக்கும் என்று காத்துக்கொண்டு நிற்பார்கள். நடக்கவில்லை என்றால் தங்கள் பிள்ளைகளைத்தான் மட்டம் என்று நினைப்பார்கள். நீங்கள் நினைத்ததுபோல. அதை எப்படி உங்களுக்கு எழுதுவது என்று தெரியாமல்தான் மூன்று மாதம் எழுதவில்லை.

உங்கள் பிள்ளைகள் மட்டம் இல்லை, மனாங். அவர்கள் கண்ணால் பார்த்ததற்குத் தங்களுக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னார்கள். என் வகுப்பில் அதுகூட நடக்கவில்லை.

நைடா


சான் ரோகே
4 மார்ச் 2004

அன்புள்ள ஆடிங்,

முழங்கால் வலி இருக்கிறது, இருக்கட்டும். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கும் அளவுக்கு. பிறகு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். ஒரு பொய்யைத் திருடி, அதற்கு எட்டு நாள் ஒத்திகையும் பார்த்து, முதலிடம் வாங்கியவள் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்திதான்.

திரு. தும்லாவுக்கு எழுதியதை மாற்றி எழுதினேன். இந்தப் பாடம் என் வகுப்பிலும் தானாக நடக்கவில்லை, நான் கேள்விப்பட்ட வகுப்பிலும் நடக்கவில்லை, மலைப் பள்ளிகளில் யாரும் அதை நம்பித் தங்கள் பிள்ளைகளைக் குறைவாக எண்ண வேண்டாம் என்று. உன் பெயரைப் போடவில்லை. போன திங்களன்று நானே தபாலில் சேர்த்தேன். பதில் இன்னும் வரவில்லை. பதவியை விட்டு மேசையைக் காலி செய்யச் சொன்னால் செய்வேன். காலி செய்ய எனக்கு மனமில்லை என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

நேற்று மறுபடியும் ஐஸ் வாங்கினேன். பார்வையாளர் இல்லை. "போன தடவை நான் சொல்லிக்கொடுத்ததை மறந்துடுங்க, தோணுறதைச் சொல்லுங்க" என்றேன். நம்பாமல் என்னைப் பார்த்தார்கள். நியாயம்தான். போர்வை ஃபேனுக்குக் கீழே இருந்தது என்று ஒருவன் மறுபடி ஆரம்பித்தான். ஃபேனை நிறுத்தினேன். துண்டு பெரியது என்றார்கள். அவர்களையே தராசில் நிறுக்க வைத்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று, கணக்குப் பாடம் போயிற்று, எல்லோருக்கும் வியர்த்து வழிந்தது. விரித்துப் பார்த்த பிறகும் பாதிப் பேர் போர்வை சூடுதான் என்று சாதிக்கிறார்கள். இன்றும் சாதித்தார்கள்.

வலதுகைகள் நிறையத் தெரிந்தன. கடைசி வரிசையில் கொரினாவின் இடதுகை. இருபத்திரண்டு ஆண்டில் நான் இடதுகையைக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டேன்.

எழுந்து நின்றாள். பொத்தானைத் தொடவில்லை. "மேம், உள்ள இருக்கிறது நானா ஐஸான்னு போர்வைக்குத் தெரியாதுல்ல. ரெண்டு பேருக்கும் அது ஒரே வேலையத்தானே செஞ்சிருக்கும்? அது என்ன வேலைன்னுதான் எனக்குத் தெரியல" என்றாள்.

உன்னைப்போல எனக்கும் தொண்டை கட்டிவிட்டது.

உன் கதவைவிட இது நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நீ நம்பமாட்டாய். உன் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன், நானே எழுதிக்கொண்டேன் என்றுதான் நினைப்பேன். அதனால் வியாழக்கிழமை ஜீப்பில் இறங்கி வா. உன்னை வாசலில் விட்டுவிட்டு நான் ஆசிரியர் அறைக்குப் போய்விடுகிறேன். கொரினா கடைசி வரிசை, ஜன்னல் பக்கம். நீயே அவளிடம் கேள்.

அம்மாவின் போர்வையைக் கொண்டு வா. ஒரு ராத்திரி போர்த்திக்கொண்டு தருகிறேன்.

உன் மனாங், போலிங்